கதிர்ச் சிகிச்சைக்குத் துணைசெய்யும் மருந்துகள்

1969 ஆம் ஆண்டு ஆடி மாதத்திற் சந்திரனில் முதன்முதல் அடிவைத்த நீல் ஆம்ஸ்ட்ரோங்கின் பெயரை அறியாதார் இலர். அவ்வருஞ்செயலுக்கு ஏழாண்டுகளுக்கு முன்னர், 1962 தை மாதத்தில், அவருடைய ஒரே மகள் மூன்று வயது நிறைவதற்குள் மூளைத் தண்டில் உண்டான கழலையால் நலிந்து இறந்தாள் என்பதை அறிந்தோர் சிலரே. அக்குழந்தைக்கு எக்ஸ் கதிர்ச் சிகிச்சை அளிக்கப்பட்டது. நோய் சில காலம் தணிந்தது போலக் காணப்பட்டுப் பின்னர் முன்னிலும் கடுமையாய் மீண்டது. சந்திரனுக்கு வழி கண்ட நாட்டில் அன்று அந்நோய்க்கு வேறு வழி இருக்கவில்லை.

மூளைத் தண்டின் ஒரு பாகமாகிய பாலத்திற் பரவி வளரும் கழலை இன்றும் ஏறக்குறைய அதே கொடுமையுடையதாகவே உள்ளது. பெரும்பாலும் ஐந்து வயதுக்கும் பத்து வயதுக்கும் இடைப்பட்ட சிறாரையே அது பற்றுகின்றது. முகத்தசை, கண்ணசைவு, விழுங்குதல் முதலியவற்றை நடத்தும் நரம்புகளினூடே மணலில் நீர் சுவறுதல் போலப் பரவுதலால், அதனை அறுத்தகற்றுதல் இயலாது. கதிர்ச் சிகிச்சையே நோயின் வேகத்தைத் தணித்து ஆயுளைச் சில மாதங்கள் நீட்டுகின்றது. அதன் பின்னும் இரண்டாண்டைக் கடந்து வாழ்வோர் நூற்றுவரிற் பதின்மர்தாமும் இலர். கதிர் பயன்படவே செய்கின்றது, ஆயினும் போதவில்லை. போதாத கதிரைப் போதுமானதாக்கும் மருந்து யாது என்னும் வினா எழுபது ஆண்டுகளாக ஆராய்ச்சியாளரை அலைக்கழித்து வருகின்றது.

கதிர் போதவில்லையெனின் அதனை மிகுதியாகச் செலுத்தலாகாதோ எனின், ஆகாது. கதிர் உடலினுட் புகுந்ததும் அணுக்களிலிருந்து இலத்திரன்களைப் பெயர்த்து அயன்களை உண்டாக்குகின்றது. கலத்தில் மிகுந்திருப்பது நீராதலின், நீர் மூலக்கூறு சிதைந்து ஐதரொட்சில் என்னும் சுயாதீன மூலிகம் தோன்றி, கலத்தின் கருவிலுள்ள டி.என்.ஏ. இழைகளைத் தாக்குகின்றது. ஈரிழையும் ஒருங்கே அறுந்து அவ்வறுவாய் செப்பமாகப் பொருந்தாதொழியின், அக்கலம் மீண்டும் பிரிந்து பெருகமாட்டாது. இத்தாக்குதலிற் கழலைக் கலம், நற்கலம் என்னும் வேற்றுமை கதிருக்கு இல்லை. வேற்றுமை பழுது பார்க்கும் திறத்திலேயே உள்ளது. நற்கலம் பெரும்பாலும் விரைந்து பழுது நீக்கிக்கொள்ளும். ஆதலினாலேயே மொத்த அளவினை ஒரே நாளிற் கொடாது, நாளுக்குச் சிறிதாகப் பகுத்துக் கொடுக்கும் முறை எழுந்தது. பாலக் கழலைக்கு நாள்தோறும் 1.8 கிரே வீதம் 30 நாட்களில் 54 கிரே அளிப்பது வழக்கம். வாரத்தில் ஐந்து நாளாக ஆறு வாரம் செல்லும். அமெரிக்க நாட்டார் 1980 களிலும் 1990 களிலும் அளவை மேலும் நுண்ணிதாகப் பகுத்து, நாளுக்கு இருமுறையாக 78 கிரே வரையும் உயர்த்திப் பார்த்தனர். ஆயுள் நீளவில்லை, தீங்கு மிகுந்தது.

மற்றொரு கழலையின் வரலாறு இதனினும் தெளிவாக இவ்வுண்மையை உணர்த்தும். பின்மூளையின் பகுதியாகிய மூளியிலே சிறாருக்கு உண்டாகும் மெடுலோபிளாஸ்டோமா என்னும் கழலையை 1925 இல் வேறு பிரித்துப் பெயரிட்டவர்கள் அமெரிக்க அறுவை மருத்துவர் ஹார்வி குஷிங்கும் அவருடன் உழைத்த பெர்சிவல் பெய்லியும் ஆவர். குஷிங் 1930 இல் தாம் கண்ட 61 நோயாளரின் வரலாற்றை வெளியிட்டபோது, மூன்றாண்டு கடந்து வாழ்ந்தவர் அவருள் ஒருவரே. அறுவையிற் குஷிங்கை மிஞ்சியவர் அக்காலத்து இலர். ஆகவே அது கைத்திறனின் குறைபாடன்று. இக்கழலையின் கலங்கள் மூளையைச் சூழ்ந்த நீரிற் கலந்து முண்ணாண் வரையும் சென்று வேரூன்றும் இயல்புடையன. இதனை உணர்ந்து, இங்கிலாந்தின் மான்செஸ்டர் நகரிலே எடித் பேற்றர்சன் என்னும் அம்மையார் மூளை முழுவதற்கும் முண்ணாண் முழுவதற்கும் ஒருசேரக் கதிர் செலுத்தும் முறையைக் கையாண்டார். 1953 இல் அவரும் பார் என்பாரும் வெளியிட்ட கட்டுரையின்படி, அவ்வாறு சிகிச்சை பெற்றோருள் மூன்றாண்டு வாழ்ந்தோர் நூற்றுக்கு 65 பேர். இத்துணைப் பெரிய மாற்றம் ஒரு தலைமுறைக்குள் நிகழ்ந்த நோய்கள் சிலவே.

ஆனால் உயிர் தப்பிய சிறார் வளர்ந்தபோது, அவ்வெற்றிக்குச் செலுத்தப்பட்ட விலை தெரியவந்தது. வளரும் மூளையிலே கதிர் பாயின் கற்கும் வேகமும் நினைவாற்றலும் ஆண்டுதோறும் பின்தங்குகின்றன. கபச் சுரப்பி பழுதுபடுதலால் வளர்ச்சி குன்றுகின்றது. முள்ளந்தண்டெலும்பு நீளாமையால் உடல் குறுகுகின்றது. வகுப்பறையிலே முன் நின்ற பிள்ளை, நோய் நீங்கி மீண்டபின் ஆண்டுக்கொரு படி இறங்குவதைக் காணும் ஆசிரியருக்கு இதன் காரணம் எளிதிற் புலப்படாது. பிள்ளை அறிந்தவற்றை மறந்துவிடுகின்றது என்பதிலும், புதியவற்றைத் தன் வயதினரின் வேகத்திற் சேர்த்துக்கொள்ளமாட்டாது பின்நிற்கின்றது என்பதே பொருந்தும். சிகிச்சை பெறும்போது வயது எவ்வளவு குறைவோ அவ்வளவுக்குத் தீங்கு மிகும்.

எனவே மூளை முழுவதற்கும் முண்ணாணுக்கும் செலுத்தும் அளவு படிப்படியாகக் குறைக்கப்பட்டது. நோய் பரவாத சிறாருக்கு 36 கிரே 23.4 ஆகியது, வேதிமருந்துகள் உடன் சேர்ந்தமையால் இக்குறைப்பு இயன்றது. மேலும் குறைக்கலாமோ என்பதை அமெரிக்காவின் சிறுவர் புற்றுநோய்க் குழு ஆராய்ந்தது. மூன்று முதல் ஏழு வயது வரையுள்ள சிறாருட் சிலருக்கு 18 கிரேயும் ஏனையோருக்கு 23.4 கிரேயும் அளிக்கப்பட்டன. 2021 இல் வெளிவந்த முடிவின்படி, ஐந்தாண்டு வரை நோய் மீளாதிருந்தோர் முதற் பிரிவில் நூற்றுக்கு 71.4; மற்றப் பிரிவில் 82.9. ஒருபுறம் அளவைக் கூட்டின் மூளை கெடும்; மறுபுறம் குறைப்பின் கழலை மீளும். இவ்விடுக்கினின்றும் நீங்கும் வழிகளுள் ஒன்று, கதிரின் அளவைக் கூட்டாமலே கழலையில் மட்டும் அதன் ஆற்றலைக் கூட்டுவதாகும். அவ்வாறு செய்யும் மருந்தையே கதிர் உணர்வூட்டி என்பர். கழலையையும் நற்கலத்தையும் ஒரே அளவில் உணர்வூட்டும் மருந்து கதிரின் அளவைக் கூட்டியதற்கு ஒப்பாகுமன்றி வேறு பயன் தராது.

முதலில் அறியப்பட்ட உணர்வூட்டி யாவரும் அறிந்த ஒட்சிசனே. 1953 இல் இங்கிலாந்தில் எல். எச். கிரே என்னும் பௌதிகவியலாளரும் அவருடன் உழைத்தோரும் கதிர்ச் சிகிச்சையில் ஒட்சிசனின் பங்கினை விளக்கினர். கதிரின் அளவைக் குறிக்கும் கிரே என்னும் அலகு இவர் பெயராலேயே வழங்குகின்றது. ஒட்சிசன் இல்லாத கலத்தைக் கொல்ல, ஒட்சிசன் உள்ள கலத்துக்கு வேண்டிய அளவில் ஏறக்குறைய மும்மடங்கு வேண்டும். டி.என்.ஏ. யில் உண்டாகிய காயத்தை ஒட்சிசன் சேர்ந்து நிலைபெறச் செய்தலே காரணம். 1955 இல் தொம்லின்சனும் கிரேயும் நுரையீரற் கழலைகளை நுணுக்குக்காட்டியில் ஆராய்ந்து, குருதிக் குழாய்களிலிருந்து மில்லிமீற்றரில் ஆறிலொரு பங்களவு தூரத்துக்கப்பால் உள்ள கலங்கள் ஒட்சிசன் எட்டாமல் இறந்துகிடத்தலைக் கண்டனர். இறந்த கலத்துக்கும் நன்கு வாழும் கலத்துக்கும் இடையிலே குற்றுயிராய்க் கிடப்பவையே கதிருக்குத் தப்பி மீண்டும் கழலையை வளர்ப்பவை என்பது அவர் கருத்து.

இக்கருத்து எழுந்தவுடன் நோயாளரை உயரமுக்க ஒட்சிசன் நிறைந்த கூட்டினுள் வைத்துக் கதிர் செலுத்தினர். அது பெருஞ் சிரமமான முறையாயிற்று. பின்னர் ஒட்சிசனைப் போலத் தொழிற்பட்டு, கலங்களால் விரைவிற் செலவழிக்கப்படாது ஆழச் செல்லும் மருந்துகளைத் தேடினர். நைத்திரோ இமிடசோல் என்னும் இனத்து மருந்துகள் அவ்வாறு கிடைத்தன. அவற்றுள் மிசோனிடசோல் ஆய்வுகூடத்திற் பெருநம்பிக்கை ஊட்டியது. நோயாளரிடத்தோ வேண்டிய அளவைக் கொடுக்குமுன் கைகால் நரம்புகள் மரத்துப்போயின. கொடுக்கக்கூடிய அளவு பயன்தரவில்லை. அதே இனத்து நிமொரசோல் தீங்கு குறைந்ததாதலின், டென்மார்க்கு நாட்டில் தொண்டைப் புற்றுநோய்க்குக் கதிருடன் வழங்கப்படுகின்றது. மூளைக் கழலைகளில் இத்தகைய வெற்றி கிட்டவில்லை. வேறு வகையான மொட்டெக்சாபின் கடோலினியம் என்னும் மருந்தைப் பாலக் கழலையுள்ள சிறாருக்குக் கதிருடன் கொடுத்துப் பார்த்த பரிசோதனையின் முடிவு 2013 இல் வெளிவந்தது, ஆயுள் நீளவில்லை.

இரண்டாவது வழி, அறுந்த டி.என்.ஏ. யைக் கலம் பழுதுபார்க்காதவாறு தடுப்பது. இவ்வழியை இயற்கையே ஒரு கொடிய பிறவி நோயின் வாயிலாகக் காட்டிற்று. நடை தள்ளாடும், கண்ணிற் குருதி நுண்குழாய்கள் விரிந்து காணப்படும் அந்நோயுடைய சிறாருக்குப் புற்றுநோய் வந்து கதிர்ச் சிகிச்சை அளித்தபோது, பிறர் எளிதிற் பொறுக்கும் அளவே அவர் உடலைச் சிதைத்தது. அவர்தம் கலங்கள் கதிருக்கு மிக எளிதில் இறக்கின்றன என்பது 1975 இல் நிறுவப்பட்டது. 1995 இல் அவரிடத்துக் குறைபட்டுள்ள பரம்பரையலகும் கண்டறியப்பட்டது. ஏ.ரி.எம். என்னும் அவ்வலகு உண்டாக்கும் நொதியம், ஈரிழை அறுந்தமையை உணர்ந்து பழுதுபார்க்கும் ஏவலைத் தொடக்குவதாகும். பிறவியிலே இல்லாமையாற் கேடு தருவதொன்றை, சிகிச்சை நேரத்தில் மட்டும் கழலையில் இல்லாமற் செய்யலாமோ என்பது இன்றைய ஆராய்ச்சிகளுள் ஒன்று. மூளையுட் புகத்தக்க ஏ.ரி.எம். தடுப்பு மருந்துகள் ஆக்கப்பட்டு, வளர்ந்தோரின் மூளைக் கழலைகளிற் பரிசோதிக்கப்படுகின்றன. இதனை அடுத்தது, பழுது முடியும்வரை கலப்பிரிவை நிறுத்திவைக்கும் காவலைக் குலைத்து, காயத்துடனே கலத்தைப் பிரியச்செய்து மாய்க்கும் முறை. வீ-1 என்னும் நொதியத்தைத் தடுக்கும் அடவோசேர்டிப் இவ்வகையது. பாலக் கழலையுள்ள சிறாரிடத்து அதனைக் கதிருடன் கொடுத்தபோது தாங்கத்தக்க அளவு துணியப்பட்டதேயன்றி ஆயுளிற் பெருமாற்றம் காணப்படவில்லை.

இத்துணை மருந்துகள் ஆய்வுகூடத்தில் வென்று நோயாளரிடத்துத் தோற்றமைக்குக் காரணங்கள் பல. அவற்றுள் முதன்மையானது மருந்து கழலையை அடையாமையே. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஏளிக்கு என்னும் ஜேர்மானிய அறிஞர் விலங்குகளின் குருதியிற் சாயத்தைச் செலுத்தியபோது உடலெங்கும் நிறமேற, மூளை மட்டும் நிறமேறாதிருந்தது. மூளையின் மயிர்க்குழாய்ச் சுவர்களிலுள்ள கலங்கள் இடைவெளியின்றி இறுகப் பொருந்தி நிற்றலால் உண்டாகும் இத்தடை, நச்சுப் பொருள்களைப் போலவே மருந்துகளையும் வெளியே நிறுத்துகின்றது. பாலக் கழலையில் இத்தடை பெரும்பாலும் சிதையாது நிற்கின்றது. 2015 இல் பாலக் கழலைக் கலங்களைக் கொல்வதிற் சிறந்ததெனத் தேறிய பனோபினோஸ்டாற்று என்னும் மருந்தும் மூளையுள் மிக அரிதாகவே புகுவதொன்று. மாறாக, மூளிக் கழலையின் ஓர் இனத்தில் இத்தடை கழலையினாலேயே குலைக்கப்பட்டிருப்பது 2016 இல் எலிகளிலும் நோயாளர் இழையங்களிலும் காட்டப்பட்டது. அவ்வினத்துச் சிறாருள் நூற்றுக்குத் தொண்ணூறு பேருக்கு மேல் உயிர் தப்புவதற்கு இதுவும் ஒரு காரணமெனக் கருதப்படுகின்றது.

இரண்டாவது காரணம், வளர்ந்தோரிடத்துக் கண்ட பயனைச் சிறாரிடத்தும் எதிர்பார்த்தமை. தெமசோலமைட்டு என்னும் மருந்தைக் கதிருடனும் அதன் பின்னும் கொடுத்தபோது வளர்ந்தோரின் மூளைக் கழலையில் நடுத்தர ஆயுள் 12.1 மாதத்திலிருந்து 14.6 மாதமாகியது என 2005 இல் அறியப்பட்டது. அதனையே பாலக் கழலையுள்ள சிறாருக்கு அளித்தபோது ஒரு பயனும் இல்லை. இதன் விளக்கம் 2012 இற் கிடைத்தது. டி.என்.ஏ. சுற்றிக்கிடக்கும் இசுற்றோன் என்னும் புரதத்திலே, வளர்ந்தோரின் கழலைகளில் அரிதாகவே காணப்படும் ஒரு விகாரம் பெரும்பான்மையான பாலக் கழலைகளில் உண்டென்பது தெரியவந்தது. நுணுக்குக்காட்டியில் ஒன்றுபோலத் தோன்றினும் அவை வெவ்வேறு நோய்களே.

அவ்வுண்மை அத்துணைக் காலந் தாழ்த்துத் தெரிந்தமைக்கும் ஒரு காரணம் உண்டு. பாலத்தில் ஊசி செலுத்தி இழையம் எடுத்தல் ஆபத்தெனக் கருதப்பட்டமையாலும், காந்தப் படமே நோயைக் காட்டப் போதுமாயிருந்தமையாலும், ஆராய்வதற்குக் கழலைத் துண்டு கிடைக்கவில்லை. பாரிஸ் நகரின் நெக்கர் மருத்துவமனையார் போன்ற சிலரே துணிந்து எடுத்துவந்தனர். எஞ்சியவற்றுட் பெரும்பகுதி, இறந்த பிள்ளையின் மூளையை ஆராய்ச்சிக்கென ஈந்த பெற்றோர் தந்ததாகும். 2011 இல் அமெரிக்காவின் ஸ்டான்போர்ட் பல்கலைக்கழகத்தார் அவ்வாறு கிடைத்த இழையத்திலிருந்து கலங்களை வளர்த்து எலிகளிற் பதித்துக் காட்டினர். இன்று இந்நோய்க்கு மருந்து தேடும் ஆய்வுகூடங்களில் வளரும் கலங்களுட் பல இத்தகைய கொடையின் வழிவந்தவை.

மருந்து தேடும் முறையும் அறியத்தக்கது. கிண்ணங்களிற் கலங்களை விதைத்து மருந்தூட்டிக் கதிர் செலுத்தி, இரு வாரங்களின் பின் எத்தனை கலங்கள் கூட்டமாகப் பெருகியுள்ளன என எண்ணுவர். 1956 இல் பக்கும் மாக்கசும் வகுத்த இம்முறை இன்றும் அளவுகோலாய் நிற்கின்றது. கதிர் பட்ட கலம் உடனே இறவாது சில நாள் உயிர்த்திருத்தல் கூடுமாதலின், மறுநாளே எண்ணிப் பார்ப்போர் ஏமாறுவர். பின்னர் எலிகளின் மூளையிற் கழலையைப் பதித்து, நோயாளருக்குச் செய்வதுபோலச் சிறிது சிறிதாகப் பல நாள் கதிர் செலுத்துவர். பழைய ஆராய்ச்சிகள் பலவற்றில் ஒரே முறை பேரளவு கதிர் செலுத்தப்பட்டது. மருந்தும் எலியின் விலாவிற் பதித்த கழலையிற் சோதிக்கப்பட்டது. மூளைத் தடையும் இல்லை, பகுத்தளிக்கும் முறையும் இல்லையெனின் அம்முடிவு மருத்துவமனையிற் பொய்த்தலில் வியப்பென்னை?

இனி, பயன் கண்ட ஒரு பரிசோதனையைக் கூறுதல் வேண்டும். காபோபிளாற்றின் என்பது 1980 களில் வழக்கிற்கு வந்த பழைய மருந்து. பிளாற்றினம் டி.என்.ஏ. யிற் பிணைந்து நிற்றலால், கதிரால் உண்டாகும் அறுவாயைக் கலம் செப்பனிடுதல் தடைப்படுகின்றது. தீவிர மூளிக் கழலையுள்ள சிறாருக்குக் கதிர் செலுத்தும் நாள்தோறும் இதனைச் சேர்த்துக் கொடுப்பது பயன்படுமோ என்பதை அறியச் சிறுவர் புற்றுநோய்க் குழு 2007 இல் ஒரு பரிசோதனையைத் தொடங்கிற்று. திருவுளச் சீட்டு முறையிற் பாதிப்பேருக்குக் கதிருடன் மருந்தும், ஏனையோருக்குக் கதிர் மட்டும் அளிக்கப்பட்டன. அரிய நோயாதலின் வேண்டிய தொகையினரைச் சேர்ப்பதற்கு 2018 வரை பதினோராண்டு சென்றது. கணக்கிற்கொள்ளத்தக்கவராய் இருந்தோர் 261 பேர். எல்லாரையும் ஒருசேர நோக்கியபோது இரு பிரிவுக்கும் கருதத்தக்க வேற்றுமை இல்லை. இருபதாண்டுகளுக்கு முன்னராயின் ஆராய்ச்சி அவ்விடத்தே முடிந்து, தோற்ற மருந்துகளின் வரிசையிற் காபோபிளாற்றினும் சேர்ந்திருக்கும்.

பரிசோதனை நடந்துகொண்டிருந்த காலத்தே மூளிக் கழலை ஒரு நோயன்று, பரம்பரையலகுகளின் தொழிற்பாட்டால் நான்கு இனமாகப் பிரிவதென்பது உறுதியாகி, 2012 இல் அறிஞர் உடன்பாடும் வெளியாயிற்று. நோயாளரின் இழையங்கள் சேமித்து வைக்கப்பட்டிருந்தமையால், அவர்களை இனம் பிரித்து மீண்டும் கணிக்க முடிந்தது. மூன்றாம் இனத்தார் தனியே நோக்கப்பட்டபோது, ஐந்தாண்டு வரை நோய் மீளாதிருந்தோர் கதிர் மட்டும் பெற்றோரில் நூற்றுக்கு 53.7, காபோபிளாற்றினும் பெற்றோரில் 73.2. நான்கனுள்ளும் மிகக் கொடியது மூன்றாம் இனமே. ஏனைய இனங்களில் இப்பயன் காணப்படவில்லை. 2021 இல் இம்முடிவு வெளிவந்தது.

இதனை அளவுக்கு மிஞ்சிப் பாராட்டுதல் தகாது. மூன்றாம் இனத்தார் 261 பேருள் ஒரு பகுதியினரே; தொகை சிறிதாதலின் தற்செயலால் இவ்வேற்றுமை தோன்றியிருத்தலும் கூடும் என்பதைக் கணிதம் முற்றாக விலக்கவில்லை. மருந்து பெற்றோரிடத்துக் குருதிக் கலங்கள் குறைதலும் மிகுதி. ஆயினும் இம்மருந்து விலை குறைந்தது; உலக சுகாதார நிறுவனத்தின் இன்றியமையா மருந்துப் பட்டியலில் உள்ளது. வறிய நாடுகளிற் கிடைத்தற்கரியது மருந்தன்று, கழலையின் இனத்தைத் துணியும் சோதனையே. இனம் அறியாது யாவர்க்கும் கொடுப்பின், பயனடைவோர் சிலரும் வீணே துன்புறுவோர் பலருமாவர்.

பாலக் கழலைக்கு இவ்வாறான உணர்வூட்டி இன்னும் கிட்டவில்லை. இசுற்றோன் விகாரமுள்ள கழலை முதற் சிகிச்சைக்குப் பின்னும் வளருமிடத்து வழங்குதற்கு டோர்டவிப்ரோன் என்னும் மருந்துக்கு அமெரிக்க அரசு 2025 ஆவணி மாதத்தில் இசைவளித்தது. ஆராயப்பட்ட 50 பேருள் 11 பேரிடத்துக் கழலை சுருங்கியமையே அதற்கு ஆதாரம். நோய் மீளும்வரை காத்திராது, கதிர்ச் சிகிச்சை முடிந்தவுடனே அம்மருந்தைத் தொடங்கின் ஆயுள் நீளுமோ என்பதை அறியப் பல நாட்டு மருத்துவமனைகள் ஒருங்கே பரிசோதனை நடத்துகின்றன. அதிற் சேரும் ஒவ்வொருவரிடத்தும் விகாரம் உண்டோ என்பது முன்னரே இழையத்திற் சோதித்து அறியப்படுகின்றது.